சீட்டெடுத்த கை

கோவில்பட்டியில் ஞானதிரவியத்தைத் தெரியாத கிறிஸ்தவர்கள் இருந்திருக்க முடியாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தார் என்றாலும் தையலால் வந்த பேர் அல்ல அது. அவர் தைத்த சட்டையில் இடது கை எப்போதும் ஒரு விரற்கடை நீளமாகவே இருக்கும். ஆண்டுதோறும் மே மாதம் ஓலைப்பந்தல் போட்டு நடக்கும் கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி நாள் சாயங்காலம், "ஆண்டவருடைய ஊழியத்துக்குத் தங்களைக் கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று பிரசங்கியார் கேட்பார். கேட்டு வாய் மூடுவதற்குள் முதல் ஆளாக எழுந்து நிற்பவர் ஞானதிரவியம். கண் மூடியிருக்கும், கை இரண்டும் மேலே தூக்கியிருக்கும், கன்னத்தில் கண்ணீர் வழியும். அறுபத்தாறாம் வருஷம் முதன்முதலாக நின்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை.

அவருடைய மனைவி ஆறுமுகத்தாய் பெண்கள் பக்கம் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவர் இதுவரை ஒரு முழம்கூட நடந்ததில்லை என்பது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

ஆறுமுகத்தாய் கயத்தாறுப் பக்கம் விவசாயம் செய்யும் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவள். சொந்தத்துக்குள் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தலைமுறைக்கு முன்பே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்டவர்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்துக் கிருபையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ரிஜிஸ்தரோடு சரி. அவள் நாக்கை அறிந்த யாரும் அவளைக் கிருபை என்று கூப்பிடத் துணியவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தாள். மனிதர்களைப் பிடிக்காது. பொய் சொல்கிறவர்களைப் பிடிக்காது என்றுதான் முதலில் நினைத்திருந்தாள்; நாற்பது வயதுக்குள் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரே மகளையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஓட்டு வீடு, முற்றத்தில் குழாய், நிம்மதியாக முறுக்குச் சுட்டு விற்றுக்கொண்டு இருந்தாள்.

அவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளை ஜிப்பா, பாச்சா உருண்டை போட்டு மடித்து வைத்திருந்தது. முதல் தடவை நின்றுவிட்டு வந்த அன்றே, ஊழியத்துக்குப் போகும்போது உடுத்துவதற்கென்று ஞானதிரவியம் தனக்குத் தைத்துக்கொண்டது. அதில் மட்டும் இரண்டு கையும் சரியாக இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, வெயிலில் காட்டி, மறுபடியும் உள்ளே வைப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதத்தில், சுற்றுவட்டாரச் சபைகளைக் கவனிக்கும் சேகரத்துப் போதகர் தையல் கடைக்கே வந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஓட்டப்பிடாரம் போகும் சாலையில் இறங்கி மூன்று மைல் நடந்தால் உப்போடைப்பட்டி என்று ஓர் ஊர். நாலே வீடு கிறிஸ்தவர்கள். அங்கே இருந்த உபதேசியார் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். குடிக்கிற தண்ணீர் கரிக்கும். மழை பெய்தால் மாட்டு வண்டிகூடப் போகாது. வருஷக் கடைசிக்குள் ஆள் போகாவிட்டால் வேதக்கோவிலைப் பூட்டிக் கட்டடத்தைக் கைகழுவ வேண்டியதுதான் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அந்த ஊர்ப் பெரிய சம்சாரி வன்னியபெருமாள், பருத்தி அடுக்கி வைக்கக் கட்டடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பன்னெண்டு வருஷமா நிக்குதீங்க. ஆண்டவர் இப்பத்தான் கூப்பிடுதார் போல," என்றார் ஐயர். அவர் குரலில் கேலி இருந்ததா என்று முறுக்குத் தூக்கோடு அப்போதுதான் வந்து நின்ற ஆறுமுகத்தாய் கூர்ந்து கவனித்தாள். இருந்தது.

ஞானதிரவியத்தின் கையில் இருந்த கத்தரிக்கோல் துணியின் நடுவில் அப்படியே நின்றது. "ஜெபிச்சுச் சொல்லுதேன் ஐயரே," என்றார்.

ஜெபிப்பது என்றால் அவர் குடும்பத்தில் சீட்டுப் போடுவது. ஒரு தாளில் 'போ', இன்னொன்றில் 'போகாதே' என்று எழுதி மடித்துச் சொம்பில் போட்டு, பாட்டுப் பாடி ஜெபம் பண்ணி, ஒன்றை எடுப்பது. ஆறுமுகத்தாய் பிறந்த வீட்டில் இதையே சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் இலையில் பொதிந்து, சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் வைத்துப் பார்ப்பார்கள். அதைச் சொன்னால் ஞானதிரவியத்துக்குக் கோபம் வந்துவிடும். அது அஞ்ஞானமாம், இது விசுவாசமாம். பூவுக்குப் பதில் காகிதம் வந்ததும் தெய்வம் மாறிவிட்டது என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார். "ஏட்டி, நீயே எடு. கபடம் தெரியாத கையா இருக்கணும்."

அவள் எடுத்துப் பிரித்தாள். 'போ' என்றிருந்தது.

ஞானதிரவியம் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஜெபித்தது தப்பு, உபவாசம் இருந்து கேட்டிருக்க வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, மூன்று பாட்டுப் பாடி, முழங்கால் போட்டு, மறுபடியும் அவளை எடுக்கச் சொன்னார். மறுபடியும் 'போ'.

"பொம்பள கை. ஏவாளும் கையை நீட்டித்தானே மோசம் போனா," என்றார்.

"எங்கூருல மாடன்கிட்டகூட ஒரு தடவதான் கேப்பாவ," என்றாள் ஆறுமுகத்தாய். "ரெண்டாந்தரம் கேட்டா கண்ணு போயிரும்னு பயப்படுவாவ. ஒங்க ஆண்டவர் பாவம், என்ன செய்வார்?"

மூன்றாம் ஞாயிறு அவரே எடுத்தார். 'போகாதே' வந்தது. "ஸ்தோத்திரம்!" என்று போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ராதாமணி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். அவளிடமே பையைக் கொடுத்து அரைக் கிலோ கறி வாங்கி வரச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இங்கே கூடத்தை இடித்து மூன்றாம் தடவை கட்டியபின் கோணல் சரியாகிவிட்டது.

கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆறுமுகத்தாய்க்கு அந்த நினைப்பு வந்தது. குழவியை நிறுத்திவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தாள். மஞ்சளும் மிளகாயும் ஒட்டியிருந்த அந்தக் கைதான் இரண்டு தடவையும் சீட்டை எடுத்தது. இரண்டு தடவையும் வந்தது 'போ'. அவர் கை எடுத்தபோது வந்தது 'போகாதே'. அப்படியானால் ஆண்டவர் யாரிடமும் மாற்றிப் பேசவில்லை. அவரவர் கைக்கு அவரவர் பதிலைத்தான் கொடுத்திருக்கிறார்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்று சாயங்காலமே சிரிப்புப் போய்விட்டது. நாலு நாள் காலில் தைத்துக்கொண்ட கருவேல முள்ளாக அது உள்ளேயே கிடந்து குத்தியது. முறுக்கு மூன்று ஈடு தீய்ந்தது. "எனக்கு மனுசாளப் பிடிக்காதுன்னு உமக்குத் தெரியாதா?" என்று அடுப்பைப் பார்த்துச் சண்டை போட்டாள். "ஊருல எத்தன நல்ல பொம்பளைய இருக்காவ. ராதாமணி இருக்கா, பேசினாலே தேனா ஒழுகும். அவளக் கூப்பிடும்." அவளுக்குப் பயமாக இருந்தது. தான் போய்விடுவோம் என்பது தெரிந்துவிட்டதால் வந்த பயம் அது.

ஐந்தாம் நாள் சோறு போடும்போது சொன்னாள். "ஆண்டவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். ஒங்களப் போகாதன்னார். என்னயத்தான் போகச் சொன்னார்."

ஞானதிரவியம் புரையேறும்வரை சிரித்தார். "பொம்பள நீ போயி என்ன செய்வே?"

"நீங்க பன்னெண்டு வருஷமா செஞ்சதவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்வேன்."

ஐயருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் வேறு நாதி இல்லை. கோவிலைப் பெருக்கிச் சாவியை வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை வேதத்தை வாசிக்கலாம், பிரசங்கம் கிரசங்கம் என்று இறங்கக் கூடாது, சம்பளம் கிடையாது என்று நாலு கட்டுப்பாடு போட்டு ஒரு பெரிய சாவியைக் கொடுத்தார். ஞானதிரவியம் தன் பங்குக்கு ஜிப்பாவை எடுத்து அவள் டிரங்குப் பெட்டியில் வைத்தார். "ஆண்டவருக்குச் சித்தமாகி நான் அங்கன வரும்போது உடுத்திக்கிடுதேன்," என்றார். அவள் பெட்டியைப் பூட்டினாள். பதில் சொல்லத் தொடங்கினால் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவாள்.

உப்போடைப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கோவில் கதவில் பூட்டே இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே கூரை தொட வன்னியபெருமாளின் பருத்திமார் அடுக்கியிருந்தது. பருத்தி எடுத்து முடித்த செடியைப் பிடுங்கிக் காயவைத்து விறகுக்கு வைத்திருப்பார்கள், அதுதான் பருத்திமார். அவரிடம் போய் எடுக்கச் சொன்னாள். "எடுப்போம்மா, என்ன அவசரம்?" என்றார் அவர். ஆறுமுகத்தாய் திரும்பி வந்து அந்தப் பருத்திமாரிலேயே ஒரு கட்டு உருவி உலை வைத்தாள். அடுத்த வேளைக்கு இன்னொரு கட்டு. வெந்நீர் போடுவதற்கும் ஒரு கட்டு, தேவையே இல்லாமல். பத்தாம் நாள் வன்னியபெருமாள் இரண்டு வண்டி அனுப்பி மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனார்.

சம்சாரியைச் சமாளித்துவிடலாம். சபையாரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. நாலு வீட்டுக்கும் நாலு சண்டை. ஒரு ஆட்டுக்குட்டி ஒருத்தர் உளுந்தை மேய்ந்ததில் ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது; ஆட்டுக்குட்டியே செத்துப் போயிருந்தது. கோவிலுக்குள் வந்தால் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்வார்கள். காணிக்கைத் தட்டில் செல்லாக் காசைப் போட்டுவிட்டு மேல்நோக்கிப் பார்ப்பார்கள். இவர்களில் தலைமை தாங்கத்தக்கவள் சுடலையம்மாள் என்ற கிழவி. முதல் நாளே ஆறுமுகத்தாயை ஏற இறங்கப் பார்த்து, வெற்றிலைச் சாற்றைக் கோவில் வாசலில் துப்பி, "ஆம்பள ஒருத்தனும் கிடைக்கலன்னா இவள அனுப்பியிருக்காவ?" என்றாள்.

"ஒங்களுக்கு இதுவே அதிகம்," என்றாள் ஆறுமுகத்தாய். ஊழியம் இப்படித்தான் தொடங்கியது.

ஊருணித் தண்ணீர் மண் கலந்து கலங்கிக் கிடக்கும். வடிகட்டத் துணி தேடியவள் பெட்டியைத் திறந்தபோது ஜிப்பாதான் மேலே இருந்தது. நல்ல நெருக்கமான நெசவு. அன்றிலிருந்து அது பானை வாயில்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதன்முதலாக அது ஒரு வேலை செய்தது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு படி மண் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு தெரு நடுவில் வழுக்கி விழுந்தாள். குடம் நசுங்கியது, முழங்கை சிராய்த்தது. நாலு வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது. ஒருவரும் தூக்க வரவில்லை. சுடலையம்மாள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆறுமுகத்தாய் எழுந்தாள், கழுவினாள், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்தாள். "இதுக நரகத்துக்குப் போறதுக்கு நான் எதுக்கு வழியில நிக்கணும்?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மூன்று மைலும் சேற்றில் நடந்தாள். சாலைக்கு வந்தபோது கோவில்பட்டி பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது. எதிர்ப்பக்கம் ஓட்டப்பிடாரம் பஸ் வந்து நின்றது. குடையும் கையுமாக ஞானதிரவியம் இறங்கினார்.

தலையில் பெட்டியோடு அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா? கூட்டிட்டுப் போகத்தான் வாரேன். ஊருல எல்லாரும் கேக்காவ. அழைப்பு இல்லாதவ போனா இப்படித்தான்னு ஆண்டவர் ஒனக்குக் காட்டியிருக்கார்."

ஆறுமுகத்தாய் பெட்டியை இறக்கவில்லை. "நான் ஊருக்கு வரலங்க. உப்பு வாங்க வந்தேன்."

"டிரங்குப் பெட்டியோடயா?"

"நெறைய வேணும்."

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினாள். அவர் சேற்றில் இரண்டு எட்டு வைத்தார். செருப்பு ஒன்று கரிசலுக்குள் போனது. அதை உருவி எடுத்துக்கொண்டு திரும்பவும் சாலைக்கே போய்விட்டார்.

மழையில் நடக்கும்போது ஆறுமுகத்தாய் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: "ஆண்டவரே, இது ஒமக்காக இல்ல. அந்த மனுசன் மூஞ்சில தெரிஞ்ச சந்தோஷத்துக்காக." விசுவாசம் மருந்துக்கும் இல்லை. வெறும் வீம்பு. அந்த வீம்பையே மாடாகப் பூட்டி ஆண்டவர் உழுதுகொள்கிறார் என்றால் அது அவர் பாடு என்று விட்டுவிட்டாள்.

கோவிலுக்கு வந்தால், ஆறுமுகத்தாய் அடுப்புக்கு ஒதுக்கி வைத்திருந்த பருத்திமாரை அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுடலையம்மாள் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"நீ போயிட்டன்னுல்லா நெனச்சேன்," என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

"போயிட்டுத்தான் வாரேன். அதக் கீழ போடு."

அதற்குப் பிறகு ஆறுமுகத்தாய் பெட்டியைத் தூக்கவில்லை. உப்போடைப்பட்டி திருந்திவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆட்டுக்குட்டிச் சண்டை தீர மேலும் மூன்று வருஷம் பிடித்தது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன் வந்து பிள்ளைகளைக் குச்சி அடுக்கும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போவதை அவளால் நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள், தூங்கினால் தூங்கட்டும் என்று விட்டாள். பிரசங்கம் பண்ணக் கூடாது என்று ஐயர் சொன்னதை மீறவில்லை. வேதத்தை வாசித்துவிட்டு, "இதுல வர்ற கள்ளன் யாரு? நீயா, நீயா?" என்று விரலை நீட்டிக் கேட்பாள். அவ்வளவுதான். நாலு வீடு ஏழு வீடானது. புதிதாக வந்த மூன்று வீட்டாரும் திட்டு வாங்கத்தான் வருகிறார்களோ என்று அவளுக்கே சந்தேகம். எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சிப் பானையோடு போய் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்து அந்த வீட்டின் குப்பையைத் திட்டுவாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் சுடலையம்மாள் படுக்கையில் விழுந்தாள். பெற்ற மகன் திருப்பூரில் இருந்து வரவில்லை. பதினாறு நாள் ஆறுமுகத்தாய்தான் அள்ளினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். ஒரு வார்த்தை நன்றி வரவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. கடைசி நாள் மத்தியானம், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, ஆறுமுகத்தாய் மெதுவாக ஒரு பாட்டை எடுத்தாள். கிழவி கண்ணைத் திறந்தாள்.

"ஒனக்குக் கழுதத் தொண்ட," என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்தாத. பாடு," என்றாள்.

ஆறுமுகத்தாய் பாடினாள். அழுகை வந்து தொண்டை இன்னும் மோசமானது. இந்தக் கிழவியின் முகத்தில் விழிக்கவே கூடாது என்று எத்தனையோ நாள் நினைத்தவள், மூச்சு அடங்கும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு பாடினாள். ஆண்டவர் தன்னை எதற்காகக் கூப்பிட்டார் என்பது அவளுக்கு அன்றுதான் முதன்முதலாகக் கொஞ்சம் விளங்கியது.

எண்பத்தேழு மே மாதம், மகள் பேறுகாலம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கோவில்பட்டியில் இறங்கினாள். கன்வென்ஷனின் கடைசி நாள். ராதாமணி கையைப் பிடித்துப் பந்தலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மைக் முன்னால் ஞானதிரவியம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. புதிதாக ஒரு வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார்.

"ஆபிரகாம் மகனைக் கொடுத்தான். நான் என் மனைவியையே ஊழியத்துக்குக் காணிக்கையாகப் படைத்தேன். ஒன்பது வருஷமாக இந்தத் தியாகத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன்!"

பந்தல் முழுக்க அல்லேலூயா எழுந்தது. ஒரு பொம்பளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆறுமுகத்தாய் தன் காலைப் பார்த்தாள். இரண்டு பாதமும் கோடைக் கரிசலாக வெடித்துக் கிடந்தன. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்த மனிதரைக் கோபிப்பதற்கு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

பிரசங்கியார் எழுந்தார். ஊழியத்துக்குத் தங்களைக் கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார். ஞானதிரவியம் ஆண்கள் பக்கம் வந்து நின்று கண்ணை மூடிக் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து ஏகப்பட்ட பேர் எழுந்தார்கள். ராதாமணியும் எழுந்தாள்.

"எக்கா, நீ எந்திரிக்கலியா?" என்றாள் கிசுகிசுப்பாக.

"எந்திரிக்கத்தான் போறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பையை எடுத்துக்கொண்டு ஆண்கள் பக்கமாகவே வெளியே நடந்தாள். ஞானதிரவியத்தின் அருகே வந்ததும் நின்று, ஜிப்பாவின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். நல்ல துணி. அவர் கண்ணைத் திறந்தார்.

"பழசு நைஞ்சு போச்சு," என்றாள். "இதயும் பஸ்ஸுல குடுத்து விடுங்க. தண்ணி வடிகட்டணும்."

அவர் என்ன சொன்னார் என்று கேட்க அவள் நிற்கவில்லை. உப்போடைப்பட்டியில் ஒரு வீட்டில் மஞ்சள் காமாலை. கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் அன்று ராத்திரிக்குள் அந்த மூன்று மைலையும் நடந்து சேர முடியும்.